கற்கண்டோடு வந்த காகிதம்

786
செங்கல்பட்டு
2-6-1974

மாமல்லபுரம் மதார் சாகிப் அவர்களுக்கு ஜெய்புன்னிசா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ் திருக்கழுக்குன்றத்தில் அரைமணி நேரம் நின்றது. டீ குடிக்கப் போன கண்டக்டர் காசிநாதன் ஆடி அசைந்து வந்தான். உங்கள் சிநேகிதன்தானே, வேறு எப்படி இருப்பான்?

நீங்கள் கொடுத்த பத்து இன்லண்ட் கடுதாசியில் இது முதலாவது. எனக்குத் தமிழ் எழுத்து பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் என்று சொன்னதும், பத்திலும் மேலே உங்கள் விலாசத்தைத் தமிழில் எழுதி, "உள்ள நம்ம எழுத்துல எழுதுங்க பீவி" என்று கொடுத்தீர்கள். ஓதுகிற பள்ளியில் எனக்குக் கிடைத்த படிப்பு இந்த எழுத்து ஒன்றுதான். பேச்சு தமிழ், எழுத்து அரபு. அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. என் மகன் பஷீருதீனும் மருமகள் சுராயாவும் அச்சடித்த குர்ஆனைப் பார்த்து ஓதுவார்கள். கையால் கிறுக்கின இது அவர்களுக்குப் பிடிபடாது. பார்த்தால் ஏதோ துஆ என்று கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

இளைப்புக்குக் கடல் காற்று நல்லது என்று டாக்டர் சொல்லி, தூரத்து உறவு என்று உங்கள் தங்கச்சி மைமூன் வீட்டில் பதினைந்து நாள் இருந்தேன். இளைப்பு குறைந்தது. ஆனால் உங்கள் பொய்களைக் கேட்டுக் காது வலித்தது. வெண்ணெய் உருண்டைப் பாறையை ஏழு யானை கட்டி இழுத்தும் நகரவில்லை என்று திங்கட்கிழமை நீங்கள் கைடாகக் கூட்டிப்போன பம்பாய்க்காரர்களுக்குச் சொன்னீர்கள். வியாழக்கிழமை ஒன்பது யானை. சனிக்கிழமை யானையே இல்லை, உங்கள் பாட்டனார் ஒரு கையால் அசைத்துப் பார்த்தாராம். பதினைந்து நாளில் அந்த ஒரு பாறைக்கு ஏழு கதை. நான் ஒன்றையும் மறக்கவில்லை.

இன்னொன்றையும் மறக்கவில்லை. உங்கள் குடையைத் தூக்கிக்கொண்டு போன செங்கல்வராயன், அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டே உங்கள் எதிரில் வந்து நின்றான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். ஏன் என்று நான் கேட்டதற்கு, "கொடை நல்லாத்தான கீது பீவி, அவன் கையில இருந்தா இன்னா, என் கையில இருந்தா இன்னா" என்றீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் நாற்பத்துமூன்றாம் வருஷம் என் கோழியைக் கல்லால் அடித்தாள். இன்றுவரை அவள் இருக்கிற பக்கம் நான் திரும்புவதில்லை. உங்களை மாதிரி ஒருத்தரை அல்லா எதற்குப் படைத்தான் என்று தெரியவில்லை.

இங்கே ஏரிதான். ஏரி சத்தம் போடுவதில்லை. ராத்திரி அது ஒரு குறையாக இருக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை. மைமூனுக்கு சலாம்.

ஜெய்புன்னிசா


786
மாமல்லபுரம்
12-6-1974

ஜெய்புன்னிசா பீவி அவர்களுக்கு, பொய்க்கார மதாரின் சலாம்.

ஏழு கதையா? நான் நாலு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடுதாசியைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் எவ்வளவு திறமைசாலி என்று.

ஒரு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் போனதிலிருந்து பொய்யில் ருசி இல்லை. நேற்று ஜெர்மனிக்காரர் இரண்டு பேரிடம் பதினான்கு யானை என்று சொன்னேன். தலையை ஆட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். "முந்தாநேத்து ஒம்போதுன்னீங்களே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரவேண்டாமா? வரவில்லை. அறுபத்திரண்டு வயது வரைக்கும் கல்யாணம் காட்சி இல்லாமல் இந்தப் பாறைகளோடு பேசிக்கொண்டே காலம் ஓடிவிட்டது. திருப்பிப் பேச ஆள் இல்லாததை இதுவரை ஒரு குறையாக நினைத்ததில்லை.

மைமூன் உங்களைக் கேட்டாள். கேட்டாள் என்றால், "அந்த அம்மா போயிட்டாங்களா, அப்பாடா" என்றாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மீன் குழம்பில் புளி தூக்கல் என்று நீங்கள் மூன்று தடவை சொன்னீர்கள் அல்லவா, அதுதான். புருஷன் போனதிலிருந்து அவளுக்கு நான், எனக்கு அவள். யார் வந்தாலும் கொஞ்சம் முறைப்பாள்.

கடற்கரையில் கடைசி நாள் சாயங்காலம் உங்கள் கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்தீர்கள். திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள் என்பது வரைக்கும் சொன்னீர்கள், அதற்குள் மைமூன் கூப்பிட்டாள். மீதியை எழுதுங்கள். வாயால் சொன்னால் நான் மறந்துபோவேன். எழுத்தில் இருந்தால் எடுத்துப் படிக்கலாம்.

மதார்


786
செங்கல்பட்டு
5-7-1974

மதார் சாகிப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

புளி தூக்கல்தான். நாலாவது தடவையும் சொல்வேன்.

கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு அப்போது பதினாலு வயது. வெளியே ஆண்கள், நடுவில் திரை, உள்ளே நான். திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் வந்து நின்று, "அப்துல் சுபஹானுக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா" என்று மூன்று தடவை கேட்டார்கள். எனக்குச் சம்மதம் இல்லை. அவரை ஒரு தடவை கடையில் பார்த்திருந்தேன். ஒரு ஆட்டை எட்டி உதைத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. என் மாமி பின்னால் இருந்து என் தலையை அழுத்திப் பிடித்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. மாமி வெளியே குரல் கொடுத்தாள்: "புள்ள பேசல, அழுவுது. சம்மதந்தான், எழுதிக்குங்க." எழுதிக்கொண்டார்கள்.

மூன்று தடவை கேட்டார்களே, அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் என்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. என்ன சமைக்கட்டும், எங்கே போகட்டும், மகளை எங்கே கொடுக்கட்டும், எதுவும் இல்லை. அவர் மவுத்தாகி அடக்கம் ஆனதும் இத்தா இருந்தேன். நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டாமல், ஒரு நாள் குறையாமல். அதையும் யாரும் கேட்டு உட்கார வைக்கவில்லை.

இத்தா முடிந்தபின் பள்ளிவாசல் அஜரத்தின் வீட்டம்மாளிடம் ஒரு சட்டம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கன்னிப்பெண்ணுக்கு மௌனம் போதுமாம், அதுவே சம்மதம். ஆனால் புருஷனை இழந்தவளை மறுபடி கேட்டால் அவள் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமாம். மௌனம் செல்லாது. பார்த்தீர்களா? ஒரு பொம்பளைக்கு வாய் வருவதற்கு ஒரு ஆள் சாக வேண்டியிருக்கிறது.

இதை ஏன் உங்களுக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. என் மகனுக்குக்கூடத் தெரியாது. என்னை இனிமேல் யாராவது எதையாவது கேட்டால், ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் உரக்கத்தான் சொல்வேன். இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை மறுநாள் காஞ்சிபுரம் போகிறேன். மகளுக்குப் பிரசவம். ஆகஸ்ட் கடைசி வரை அங்கேதான். அதற்குள் இங்கே ஒன்றும் அனுப்ப வேண்டாம். செப்டம்பர் என்று சுவரில் எழுதி வையுங்கள்.

ஜெய்புன்னிசா


786
செங்கல்பட்டு
18-1-1976

மதார் சாகிபுக்கு.

சலாம் கூடச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லாமல் விட்டால் பாவம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பதினெட்டு மாசம் ஆகிறது. செப்டம்பர் என்று சொன்னேன். செப்டம்பர் முழுக்கத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கூடத்துக்கு வந்து நின்றேன். அக்டோபரில் கூடத்துக்கு வரவில்லை, அடுப்படியிலிருந்தே காது கொடுத்தேன். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. என் கல்யாணக் கதையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டீர்கள். ஜெகதாம்பாள் என் கோழியைத்தான் அடித்தாள்.

இப்போதும் எழுதியிருக்கமாட்டேன். காணும் பொங்கலுக்கு என் பேத்தி ஜஹனாரா பள்ளிக்கூடத்துப் பெண்களோடு மாமல்லபுரம் வந்தாள். வீடு திரும்பினதிலிருந்து வாய் ஓயவில்லை. "நன்னிமா, அங்க கைடு பாய் ஒருத்தரு சொன்னாரு. அந்தப் பாறை ஏன் உருளலன்னா, செங்கல்பட்டுலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்களாம். அவங்க எதையும் மறக்கவே மாட்டாங்களாம். உருண்டா காலத்துக்கும் கோவமா இருப்பாங்கன்னு பயந்துகினு பாறை அப்டியே நின்னுடுச்சாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் கொல்லைக்குப் போய்விட்டேன்.

நான் யாரென்று ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். எனக்கு ஒரு கடுதாசி போட முடியவில்லையா? காரணம் வேண்டும். பொய்யாக இருந்தாலும் எழுதுங்கள். பொய் எது என்று நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

ஜெய்புன்னிசா


786
மாமல்லபுரம்
27-1-1976

ஜெய்புன்னிசா பீவி அவர்களுக்கு, மதாரின் சலாம்.

பீவி, நான் எழுதினேன். நீங்கள்தான் பதில் சொல்லவில்லை.

1974 ஆகஸ்ட், பதினைந்தாம் தேதி லீவு அன்றைக்கு எழுத ஆரம்பித்தேன். கேட்கப்போகிற விஷயத்துக்கு இன்லண்ட் மரியாதை இல்லை என்று நல்ல காகிதம் வாங்கினேன். நாணல் பேனா சீவி, கறுப்பு மை தொட்டு, மேலே பிஸ்மில்லா போட்டு, ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆயிற்று. அத்தர் தடவிச் சுருட்டி, பச்சைப் பட்டுத் துண்டில் சுற்றி, ஒரு பொட்டலம் கற்கண்டும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் சேர்த்துக் கட்டி காசிநாதனிடம் கொடுத்தேன். பெண் கேட்கிற இடத்துக்கு இனிப்பு இல்லாமல் போகக் கூடாது அல்லவா?

மறுநாள் அவனைக் கேட்டேன். "வாங்கிக்கினாங்க அண்ணாத்த, கண்ணுல ஒத்திக்கினு வாங்கினாங்க" என்றான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்புறம் ஒரு வாரம், ஒரு மாசம், நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. உங்களிடமிருந்து ஒரு சொல் இல்லை.

உங்கள் ஜூலைக் கடுதாசியை எடுத்து மறுபடி படித்தேன். உங்கள் மௌனம் செல்லாது, சம்மதம் என்றால் உரக்கச் சொல்வேன் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லவில்லை என்றால் சம்மதம் இல்லை. அதை மட்டும் மறக்காதீர்கள் என்றீர்கள். நான் மறக்கவில்லை. ஒரு தடவை உங்கள் வாயைக் கட்டினார்கள், நான் இரண்டாம் தடவை கேட்டு இம்சை பண்ணக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டேன்.

இப்போது படிக்கும்போதுதான் அதே கடுதாசியின் கடைசியில் காஞ்சிபுரம் என்று இருப்பது கண்ணில் படுகிறது. செப்டம்பர் என்று சுவரில் எழுதி வைக்கச் சொன்னீர்கள். நான் எழுதி வைக்கவில்லை பீவி.

அந்தக் காகிதத்தில் என்னென்ன எழுதினேன் என்று முழுசாக நினைவில்லை. ஒரு வரி மட்டும் நிற்கிறது. மிச்ச நாளுக்கும் என் பொய்களை எண்ணிக்கொண்டு என் வீட்டில் இருக்கச் சம்மதமா என்று கேட்டிருந்தேன்.

மதார்


786
செங்கல்பட்டு
4-2-1976

மதார் சாகிப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சுராயாவைக் கேட்டேன். முதலில் முழித்தாள். பச்சைப் பட்டு என்றதும் முகம் மலர்ந்தது.

"ஆமா மாமி, நீங்க காஞ்சிபுரத்துல இருந்தீங்க. பஸ்காரரு குடுத்தாரு. கடலோரத்துலேர்ந்து ஒரு பாய் அனுப்பினாருன்னாரு. கோவளம் தர்காவுலேர்ந்து வந்த பரக்கத்துன்னு நெனச்சோம். அத்தரு வாசம், பிஸ்மில்லா, கற்கண்டு, எல்லாம் இருந்துச்சே."

"காயிதம் எங்கடி?"

"அத்த வூட்ல வெச்சி கால் கைபடக் கூடாதுன்னு, எல்லாரும் கண்ணுல ஒத்திக்கினு, பள்ளிவாசல் பெட்டியில போடச் சொல்லி அவருகிட்ட குடுத்துட்டேன். ஏன் மாமி, தப்பா?"

கிழிந்த குர்ஆன் பக்கங்களையும் பழைய ஓதல் ஏடுகளையும் காலில் படாமல் போடுகிற பெட்டி அது. வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால் மூட்டை கட்டி, உங்கள் ஊர்ப் பக்கம் கொண்டுபோய்ப் படகில் ஏற்றி, ஆழமான இடத்தில் கடலில் விட்டுவிடுவார்கள். மூன்று நாள் உட்கார்ந்து நீங்கள் எழுதினது உங்கள் ஊர்க் கடலிலேயே கிடக்கிறது. இந்த வீட்டில் எல்லாரும் அதைக் கண்ணில் ஒற்றினார்கள். நான் பார்க்கவே இல்லை.

அதைவிடக் கேளுங்கள். நான் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததும், "மாமி, உங்களுக்குன்னு ஒரு துண்டு எடுத்து வெச்சேன், தர்கா கற்கண்டு" என்று சுராயா கொடுத்தாள். நான் பிஸ்மில்லா சொல்லி வாயில் போட்டுக்கொண்டேன். பழசு, கொஞ்சம் எறும்பு வாடை. நன்றாகத்தான் இருந்தது.

யார் மேல் கோபப்படுவது என்று யோசித்துப் பார்த்தேன். சுராயா மேல் முடியாது, அவள் மரியாதை செய்தாள். உங்கள் மேல் பாதி. செப்டம்பரைச் சுவரில் எழுதாத பாதி. மீதிப் பாதி என் மேல். நீங்கள் நான் சொன்னதை மறந்து ஆகஸ்டிலேயே அனுப்பிவிடக்கூடியவர் என்று எனக்குத் தெரியும். செப்டம்பரிலேயே ஒரு இன்லண்ட் எடுத்து "என்ன ஆச்சு" என்று கேட்டிருந்தால் முடிந்தது. கோபத்தைப் பொத்திப் பொத்தி வைத்தேன். எனக்கு அதுதான் தெரியும்.

மறுபடி கேளுங்கள். பேனாவும் பட்டுத் துண்டும் வேண்டாம், காசிநாதனும் வேண்டாம். நேரில் வந்து கேளுங்கள். பதிலை இந்தக் கடுதாசியில் எழுத மாட்டேன். எனக்கு அது வாயால் சொல்ல வேண்டியது.

ஜெய்புன்னிசா


786
மாமல்லபுரம்
1-3-1976

பீவி, சலாம்.

வருகிறேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டுப் பள்ளியிலேயே ஜும்ஆ தொழுதுவிட்டு அஜரத்தையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவேன். இந்தத் தடவை சுவரில் எழுதிவிட்டேன். கரியால், முழ உயரத்துக்கு. மைமூன் "இன்னாண்ணா இது ஒம்போது" என்று கேட்டாள். யானைக் கணக்கு என்றேன். அவளிடம் கிளம்புகிற அன்றைக்குத்தான் சொல்லப்போகிறேன். அதுவரை தைரியம் சேர்க்கிறேன்.

ஏன் இத்தனை நாள் என்று கேட்பீர்கள். பின்கட்டு அறைக்கு ஓடு மாற்ற வேண்டும். போன மழைக்கு ஒழுகியது. இளைப்புக்காரருக்கு ஈரம் ஆகாது. மார்ச் முடிந்தால் வெள்ளைக்காரர் வரத்தும் குறையும், நானே ஏறி மாற்றிவிடுவேன்.

ஜன்னல் கடல் பக்கம். சத்தம் நன்றாகக் கேட்கும்.

மதார்


786
செங்கல்பட்டு
20-4-1976

மதார் சாகிப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களுக்குக் கண் நன்றாக இருக்கிறது, படிக்க முடிகிறது என்று மைமூன் சொன்னாள். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி காலையில் மகனிடம் சொன்னேன். பஷீருதீன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் நின்றான்.

"இன்னாம்மா இது, பேரன் பேத்தி எடுத்தாச்சி. கடைத்தெருவுல நான் எப்டி தலை காட்றது?"

"உன் தலைய எவன்டா கேட்டான்? என்னக் கேக்க வராங்க. நான் பதில் சொல்லப்போறேன்."

வேறு புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். ஜும்ஆ முடிந்தது. அஸர் ஆயிற்று, பொழுது சாய்ந்து மக்ரிப் ஆயிற்று. பஷீருதீன் கடையிலிருந்து வந்து கூடத்து விளக்கை ஏற்றிவிட்டு உள்ளே போனான்.

மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாள் உங்களை வாயில் வந்தபடி திட்டினேன். செங்கல்வராயனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு எங்கேயோ நிற்கிறார் என்றுகூடச் சொன்னேன். திங்கட்கிழமை மார்க்கெட் பக்கம் காசிநாதன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான்.

"உனுக்கு விசயமே தெரியாதாம்மா? வியாயக்கெய்ம பாயி ஏணி மேல நின்னு ஓடு மாத்திக்கினு இருந்தாரு. கடைசி ரெண்டு ஓடுதான் பாக்கி. வலது கை அப்டியே வுட்டுப்போச்சி. கால் வரல, பேச்சும் வரல. அந்த வாயி வுயிந்துபோச்சேம்மா."

அந்த மூன்று நாளை நான் என்ன செய்வது? மற்றவர்கள் எனக்குச் செய்ததை எல்லாம் மறக்காமல் வைத்திருக்கிறேன். நான் ஒருத்தருக்குச் செய்தது இது. இதையும் மறக்க முடியாது.

பதினெட்டாம் தேதி அதே பஸ்ஸில் வந்தேன். உங்களுக்குக் கேட்டிருக்கும். மைமூன் என்னை முன்கூடத்தில் உட்கார வைத்து, உங்கள் அறை வாசலில் திரையை இழுத்துவிட்டாள். "அண்ணன் இப்ப கொழந்தையாட்டம் என் மேல சாஞ்சி கெடக்கறாரு. அந்நிய பொம்பளைய நான் எந்த மொறையில உள்ள வுடறது? நீங்க அவருக்கு யாரும்மா?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

அப்போது திரைக்குப் பின்னால் நீங்கள் ஒரு சத்தம் போட்டீர்கள். அது பேச்சாக வரவில்லை. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் திரைக்குள்ளே வாய் வராமல் இருந்தவள் நான். நீங்கள் சத்தம் போட்டது எனக்குப் புரிந்தது. மைமூனுக்குப் புரியவில்லை. அவள் உங்களுக்குத் தண்ணீர் கொண்டு போனாள்.

அதனால் இப்போது நான் கேட்கிறேன். கேட்க வந்தவர் ஓட்டின் மேலிருந்து இறங்கவில்லை என்றால் நான்தான் கேட்க வேண்டும். என்னை நிக்காஹ் செய்துகொள்ளச் சம்மதமா? ஒன்று.

என்னை நிக்காஹ் செய்துகொள்ளச் சம்மதமா? இரண்டு.

என்னை நிக்காஹ் செய்துகொள்ளச் சம்மதமா? மூன்று.

சம்மதம் என்றால் அஜரத்தைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். மைமூன் திரையை விலக்கித்தான் ஆக வேண்டும். உங்களைப் புரட்டிப் படுக்க வைக்கவும், கஞ்சி புகட்டவும் எனக்குத் தெரியும். மைமூனும் தனியாக எத்தனை நாள் தூக்குவாள்?

வாய் வராது என்று கவலைப்படாதீர்கள். எனக்குத்தான் மௌனம் செல்லாது. உங்களுக்கு இது முதல் கல்யாணம். முதல் தடவைக்காரருக்கு மௌனம் போதும். அது பெண்பிள்ளைக்குச் சொன்ன சட்டம் என்று அஜரத் சிரிப்பார், சிரிக்கட்டும். ஒரு இன்லண்ட் எடுங்கள். மேலே என் விலாசத்தை மட்டும் இடது கையால் முடிந்த மாதிரி எழுதுங்கள். உள்ளே ஒன்றும் வேண்டாம். வெறுமையாக ஒட்டி அனுப்பினால் சம்மதம். இல்லை என்றால் அனுப்பவே வேண்டாம்.

அனுப்புவீர்கள் என்று நினைக்கிறேன். இன்றிலிருந்து மறுபடி கூடத்தில்தான் இருப்பேன்.

ஜெய்புன்னிசா


786
செங்கல்பட்டு
4-5-1976

மதார் சாகிபுக்கு ஜெய்புன்னிசா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வியாழக்கிழமை காசிநாதன் வந்தான். பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டான். முந்தின நாள் விடியற்காலை சுபுஹுக்கு மவுத், வியாழன் காலையில் அடக்கம் முடிந்தது என்றான். செங்கல்வராயன் அந்தக் குடையைக் கொண்டுவந்து, கபுருக்குப் போகிற வரைக்கும் உங்களுக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நடந்தானாம். அவனை நான் திட்டினதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இப்படி நான் செய்வது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தபால்காரர் மணி அடித்தார். இன்லண்டின் மேல் மாமல்லபுரம் முத்திரை இருபத்துமூன்றாம் தேதி. எழுத்து அவ்வளவு கோணல், சிங்கப்பெருமாள் கோயில் தபாலாபீசுக்குப் போய் அங்கே இரண்டு முத்திரை வாங்கி, ஒரு வாரம் கழித்து இங்கே வந்திருக்கிறது. "ஜெய்புன்னிசா"வில் பாதி மேலே ஏறி நிற்கிறது, பாதி கீழே விழுந்து கிடக்கிறது. ஒரு இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

பிரித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

சுராயா எட்டிப் பார்த்தாள். "இன்னா மாமி, ஒண்ணுமே எழுதாம அனுப்பிக்கீறாங்க. யாரோ மறந்துட்டாங்களா?"

"ஆமாடி, மறதிக்காரரு" என்றேன்.

என் கடுதாசி உங்கள் கையில் கிடைத்த உடனே எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்த பத்து நாளில் ஒரு வாரம் உங்கள் சம்மதம் சிங்கப்பெருமாள் கோயிலில் கிடந்தது.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கடலுக்குப் போய்விட்ட உங்கள் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்து சம்மதம் என்றேன். முதல் தடவை குரல் சரியாக வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. மூன்றாம் தடவை கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது போல. அடுப்படியிலிருந்து சுராயா, "இன்னா மாமி, கூப்ட்டீங்களா?" என்றாள்.

அன்றிலிருந்து வாசல் தாண்டவில்லை. கலர்ப் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். கால் வலி என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பஷீருதீன் தைலம் வாங்கி வந்தான். நேற்று ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டான். அவனுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். நாலு மாசம் பத்து நாள். செப்டம்பர் முதல் வாரம் முடியும். அஜரத்தைக் கேட்டால், சாட்சி இல்லை, மஹர் இல்லை, நிக்காஹே இல்லை, எதற்கு இத்தா என்பார். நான் அவரைக் கேட்கவில்லை. முதல் இத்தாவை என்னைக் கேட்காமல் உட்கார வைத்தார்கள். இதற்கு நானே உட்கார்ந்தேன்.

உங்கள் விலாசம் எழுதின இன்லண்ட் இன்னும் ஐந்து இருக்கிறது. நல்ல வலது கை எழுத்து. அதில் எழுதப்போவதில்லை, அப்படியே வைத்துக்கொள்வேன். இதை நல்ல காகிதத்தில் எழுதுகிறேன். நாணல் பேனா சீவத் தெரியாது. பஷீருதீன் கடைப் பேனாதான். மேலே பிஸ்மில்லாவும் போட்டாயிற்று.

வாசல் தாண்டக் கூடாது, அதனால் பள்ளிவாசலுக்கு நான் போக முடியாது. இதைச் சுருட்டி, என் பச்சைத் துப்பட்டியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டி, கூடத்து அலமாரியில் இரண்டு கற்கண்டோடு வைக்கப்போகிறேன். சுராயா காலையில் கூட்டிப் பெருக்கும்போது பார்ப்பாள். என்ன ஏது என்று கேட்கமாட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு பஷீருதீனிடம் கொடுத்து, கால் படாமல் பெட்டியில் போட்டுவரச் சொல்வாள். நோன்புக்கு முன்னால் படகு உங்கள் பக்கம் வரும்.

கற்கண்டில் ஒன்றை எனக்கென்று எடுத்து வைப்பாள். எப்போதும் எடுத்து வைக்கிறவள்.

ஜெய்புன்னிசா